குடோனில் ஒரு நீச்சல் பலகை

3 பிப்ரவரி 2025, திங்கள்

கிணற்றுக்கு இரும்பு வலை போட்டுவிட்டார்கள்.

விடிகாலையில் துண்டோடு போய் நின்றேன். வெல்டிங்காரர்கள் நேற்றே வேலையை முடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். சுற்றுச்சுவருக்கு மேல் கம்பி, அதற்குக் குறுக்கே கம்பி. ஒரு தேங்காய்கூட உள்ளே விழாது. தமிழ்ச்செல்வன் வந்தார். என் நிலத்தை வாங்கிக் கோழிப்பண்ணை போடுகிறவர், சேலத்துக்காரர், மரியாதை தெரிந்தவர். "கோவிச்சுக்காதீங்க ஐயா. சின்னப் பசங்க ரெண்டு பேர் இருக்காங்க. வூட்டுல பயப்படறாங்க" என்றார். நியாயம்தான். நானாக இருந்தாலும் போட்டிருப்பேன்.

ஆனால் பேச்சோடு பேச்சாக இன்னொன்றும் சொன்னார். வலைக்குப் பாதிச் செலவு திருமால் கொடுத்தானாம்.

திருமால் என் மச்சினன், என் மனைவி அம்பிகாவின் தம்பி. கிணற்றில் பாதி அவனுடையது. மறு பாதி என்னுடையதாக இருந்தது. கல்யாணமான வருடத்திலிருந்து தினமும் காலையில் நானும் அவனும் அதில் நீந்தியிருக்கிறோம். இன்று அவன் பக்கத்து வரப்பில் நின்றுகொண்டிருந்தான். என்னைப் பார்த்தான். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மடை மாற்றப் போய்விட்டான்.

வீட்டுக்கு வந்து பாத்ரூமில் சொம்பால் மொண்டு ஊற்றிக்கொண்டேன். உடம்பு நனைந்தது. அவ்வளவுதான்.

4 பிப்ரவரி

வழக்கமான நேரத்துக்கு விழிப்பு வந்துவிட்டது. எங்கே போவது? வாசலைக் கூட்டினேன்.

9 பிப்ரவரி, ஞாயிறு

எழுதிப் பார்த்தால் தெளியும் என்று எழுதுகிறேன்.

நிலத்தை விற்றது தப்பா? இல்லை. அம்பிகா போய்ச் சேர்ந்த பிறகு அந்த ஒன்றரை ஏக்கரைப் பார்க்க ஆளில்லை. மகன் மாதவராஜுக்குப் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. கத்திரிச் செடியையும் மிளகாய்ச் செடியையும் அவனுக்கு யாராவது பக்கத்தில் நின்று காட்டித்தர வேண்டும். எனக்குப் புளி மண்டியே சரியாக இருக்கிறது. தமிழ்ச்செல்வன் நல்ல விலைக்குக் கேட்டு வந்தார், கொடுத்தேன். கார்த்திகையில் கிரயம் முடிந்தது. அன்றிலிருந்து திருமால் பேசுவதில்லை. அதற்குப் பிறகும் நான் காலையில் போய்க் குதித்துக்கொண்டுதான் இருந்தேன். அவன் நான் ஏறிய பிறகு வருவான்.

கூட்டுக் கிணற்றில் பங்கை விற்பவன் மற்றப் பங்குக்காரனை முதலில் கேட்க வேண்டும். இந்தப் பக்கத்து வழக்கம் அது, எனக்குத் தெரியாததா? ஆனால் அவனால் வாங்க முடியாது. சைக்கிளில் புளி மூட்டை கட்டித் தெருத்தெருவாகப் போன காலத்திலிருந்து நான் வைத்திருக்கும் ஒரு கணக்கு உண்டு: வாங்க முடியாதவனிடம் விலை சொல்லாதே, அவன் தலை குனிவான். அதனால்தான் கேட்கவில்லை. இதை அவனிடம் போய் எப்படி விளக்குவது? "உன்கிட்டக் காசில்லை, அதான் கேக்கலை" என்றா?

20 பிப்ரவரி

சித்தேரி மலைப்புளி இறங்க ஆரம்பித்துவிட்டது. குடோனில் கொட்டை எடுக்கப் பதினைந்து பெண்கள். அவர்களுக்குத் தலைவி பாஞ்சாலி. அவள் வாய்க்கு நானே பயப்படுவேன்.

"மொதலாளி, உங்க மச்சான் வூட்டுப் புளி இந்த வருஷம் வேற மண்டிக்குப் போயிடுச்சாம்."

"போகட்டும்."

"நல்ல சதைப்பத்தான புளிங்க."

"போகட்டும்னு சொன்னேன்ல."

"நான் புளியைச் சொன்னேன். நீங்க ஏன் என்மேல எரிஞ்சு வுழறீங்க?"

அந்த மரங்களின் புளி என் தராசில் ஏறாத வருடம் இதுவரை இல்லை.

2 மார்ச், ஞாயிறு

மாதவராஜ் வீட்டில் மூன்று நாள். "எங்க அபார்ட்மென்ட்லயே நீச்சல் குளம் இருக்கு, வாங்கப்பா" என்று கூப்பிட்டான், போனேன். தலைக்கு ரப்பர் தொப்பி, இறுக்கமான ஜட்டி, இறங்குமுன் ஒரு குளியல், ஏறியபின் ஒரு குளியல். தண்ணீர் மார்பு வரைக்கும்தான். குதிக்கக் கூடாது என்று போர்டு. குதித்தேன். வாட்ச்மேன் விசில் ஊதினான். மருமகள் பால்கனியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். போதும்.

ஆனால் ஒன்று கண்டேன். பக்கத்துத் தெருவில் ஒரு நீச்சல் பயிற்சிக் கூடம் காலி செய்கிறார்கள். சுவரோரம் ஒரு பெஞ்ச் கிடந்தது. சாய்வாக இரண்டு தண்டவாளம், அதன்மேல் சக்கரம் வைத்த பலகை. அதில் குப்புறப் படுத்து, மேலே கட்டியிருக்கிற கயிற்றுப் பிடிகளை நீந்துகிற மாதிரி இழுத்தால் பலகை நம்மைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறுகிறது. விட்டால் கீழே சறுக்குகிறது. தண்ணீரே வேண்டாம். போட்டிக்குப் போகிற பிள்ளைகள் தோளுக்குப் பலம் ஏற்ற இதில் இழுப்பார்களாம். படுத்துப் பார்த்தேன். தோள் பட்டென்று அடையாளம் கண்டுகொண்டது. விலை கேட்டேன், அறுபதாயிரம். சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

"இதெல்லாம் எதுக்குப்பா? பேசாம இங்கயே வந்துடுங்க" என்றான் மாதவராஜ். நல்ல பிள்ளை. ஆனால் பேசாமல் இருப்பதற்கு நான் அங்கே ஏன் போக வேண்டும்? அதை இங்கேயே செய்துகொண்டிருக்கிறேன்.

9 மார்ச்

மூட்டை வாங்குமுன் ஒரு பிடி அள்ளிப் பார்ப்பதுதான் தொழில். பெஞ்சை வாங்குமுன் மாதவராஜைக் கேட்டு ரப்பர் கயிறு வரவழைத்தேன். இரண்டு முனையிலும் உள்ளங்கைக்கு ஒரு தட்டை, நடுவைக் குடோன் ஜன்னல் கம்பியில் கட்டிக்கொள்ள வேண்டும். குனிந்து நின்று மாற்றி மாற்றி இழுத்தேன். பின்னால் கொட்டை எடுக்கிற சத்தம் நின்றுபோனது. திரும்பினேன். பதினைந்து பேரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

"ஜன்னலு பேந்துகிட்டு வந்துடும் மொதலாளி" என்றாள் பாஞ்சாலி.

18 மார்ச்

கயிறு பற்றி என் முடிவு. விலை குறைவு, பையில் போட்டுக்கொண்டு ஊருக்குப் போகலாம். தோளுக்கு நல்ல வேலை. ஆனால் குனிந்து நிற்பதால் என் வயதுக்கு இடுப்பு பிடித்துக்கொள்கிறது. இழுக்க இழுக்க முரண்டு பிடிக்கும், தண்ணீர் அப்படிச் செய்யாது. தகரக் கூரைச் சூட்டில் ரப்பர் இளகிப் புளித்தூசி ஒட்டிக்கொண்டது. சின்னப் பிள்ளைகளுக்கு இது போதும். எனக்குப் போதாது.

இத்தனையும் எழுதிவிட்டு யோசிக்கிறேன். நான் என்ன போட்டிக்கா போகப்போகிறேன்? தோளில் பலம் ஏற்றி எங்கே கொண்டுபோய் இறக்குவது?

23 மார்ச், ஞாயிறு

பெஞ்ச் இன்னும் விற்கவில்லை. போனில் பேசினேன். கூடத்துக்காரர் ஐம்பத்தைந்து என்றார். நான் முப்பது என்றேன். கூடத்தை மாதக் கடைசிக்குள் காலி செய்தாக வேண்டும் என்று அன்றே அவர் வாயிலிருந்து பிடுங்கி வைத்திருந்தேன், அது உதவியது. முப்பத்தெட்டில் நின்றது. பெங்களூருக்குப் புளி ஏற்றிப் போன லாரி காலியாகத்தான் திரும்புகிறது, அதில் ஏற்றச் சொல்லிவிட்டேன். வண்டிக்கூலி மிச்சம்.

நல்ல வியாபாரம். யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. நல்ல விலைக்கு ஒன்று வாங்கினால் மறுநாள் காலை கிணற்றில் மல்லாந்து மிதந்துகொண்டே திருமாலிடம் சொல்வேன். "ஏமாந்துட்டீங்க மாமா" என்பான், எதுவானாலும் அதையேதான் சொல்வான். மண்டியில் என்னை யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். எல்லாருக்கும் என்னிடம் ஏதாவது வேலை ஆக வேண்டியிருக்கிறது.

6 ஏப்ரல், ஞாயிறு

அம்பிகாவுக்கு இரண்டாவது வருடப் படையல். பிறந்த வீட்டுப் புடவையைத் தம்பிதான் கொண்டுவந்து வைக்க வேண்டும். திருமாலின் மனைவி கோகிலவாணி மட்டும் வந்தது. மாம்பழ நிறத்தில் நல்ல புடவை.

"அவன் வரலையாம்மா?"

"கோவிச்சுக்காதீங்க அண்ணா. அவருக்குக் கை தூக்க வரலை."

நடிப்பு என்று நினைத்தேன். இல்லை. வலது தோள் இறுகிப்போய்விட்டதாம். சட்டையைக் கோகிலவாணிதான் மாட்டிவிடுகிறதாம். தர்மபுரியில் டாக்டர் பார்த்துவிட்டு, தினமும் வந்து கயிறு இழுத்துப் பயிற்சி செய்யச் சொல்லியிருக்கிறார். ஒரு தடவைக்கு முந்நூறு ரூபாய். இரண்டு நாள் போனான், நிறுத்திவிட்டான்.

"நீச்சலு நின்னதுல இருந்துதாங்க அண்ணா" என்றது. வலைக்குக் காசு கொடுத்தவன் யார் என்று கேட்க வாய் வந்தது. படையல் அன்று வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

இங்கே ஒரு பெஞ்ச் இருக்கிறது, வரச்சொல் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் வர மாட்டான், எனக்குத் தெரியும். அவனுக்கு நான் ஏதோ கொடுக்கிற மாதிரி ஆகிவிடும்.

14 ஏப்ரல்

சித்திரை ஒன்று. நான் சாப்பிடுகிற மெஸ்ஸுக்கு விடுமுறை. பன்னும் டீயும்.

27 ஏப்ரல், ஞாயிறு

பெஞ்ச் வந்து ஒரு மாதம். யாராவது கேட்டால் சொல்வதற்கு ஆகட்டும், யாரும் கேட்கப்போவதில்லை என்றாலும்.

தோள், முதுகு, கையின் பின்பக்கம் எல்லாம் முறுக்கேறியிருக்கிறது. சாய்வைக் கூட்டினால் பாரம் கூடும், குறைத்தால் குறையும். அது நல்ல ஏற்பாடு. கையை எங்கே தப்பாக இழுக்கிறோம் என்று கண்ணால் பார்க்கலாம், கிணற்றில் அது முடியாது. மூச்சுக்கு இதில் பயிற்சி கிடையாது. கால் சும்மா கிடக்கிறது. தண்ணீர் பக்கத்திலேயே இருக்கிறவன் இதற்குக் காசு போடக்கூடாது. போட்டிக்குப் பயிற்சி எடுக்கிறவன், தோள் கெட்டவன், தண்ணீரை இழந்தவன் போடலாம். புதிதாக வாங்குவது வீண். பழையதை அவசரத்தில் விற்கிறவனிடம் வாங்க வேண்டும்.

இதெல்லாம் வியாபாரப் பேச்சு. உண்மையைச் சொன்னால், கிணற்றில் நாங்கள் எதிரெதிராக, வட்டமாகத்தான் நீந்துவோம். நான் இந்தச் சுவர் ஓரம், அவன் அந்தச் சுவர் ஓரம், ஒரு சுற்றில் இரண்டு தடவை நேருக்கு நேர் வருவோம். அப்போது அவன் தண்ணீரை வாயில் பிடித்து என் மூஞ்சியில் துப்புவான். ஐம்பது வயது ஆள். இந்தப் பலகை மேலே போகிறது, கீழே வருகிறது. எதிரில் சுவர்தான்.

11 மே, ஞாயிறு

திருமால் வந்தான்.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் குடோனில் யாரும் இல்லை. பெஞ்சில் கிடந்தேன். வாசலில் நிழல் தட்டியது.

"என்னாங்க மாமா, ஊரே சிரிக்குது. புளி மூட்டைக்கு நடுவுல குப்புறப் படுத்து நீச்சல் அடிக்கிறீங்களாம்."

"சிரிக்கறதுக்கு நான் டிக்கெட்டா போட்டிருக்கேன்? நீயும் சிரிச்சிட்டுப் போ."

பெஞ்சை ஒரு சுற்று சுற்றினான். இடது கையால் சக்கரத்தைத் தட்டிப் பார்த்தான். வலது கை உடம்போடு ஒட்டியே இருந்தது.

"எவ்வளவு ஆச்சு?"

"முப்பத்தெட்டு."

"ஏமாந்துட்டீங்க. அந்தக் காசுக்கு ஒரு கறவை மாடு புடிச்சிருக்கலாம். பாலாவது கறக்கும்."

"மாட்டு மேல படுத்து நீந்த முடியுமாடா?"

மூட்டைகள் பக்கம் திரும்பிக்கொண்டான். சிரித்தான் என்றுதான் நினைக்கிறேன். திரும்பியபோது முகம் மாறியிருந்தது.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா மாமா?"

"உன்கிட்ட அவ்வளவு காசு இருந்துச்சா மாப்ளே?"

"இல்லை. இல்லைன்னு சொல்றதுக்கும் எனக்குப் பாத்தியதை இல்லையா? நீங்க வந்து கேட்டிருந்தா, 'முடியாது மாமா, நீங்க வித்துக்கங்க'ன்னு நானே சொல்லியிருப்பேன். அதைச் சொல்ற இடத்துல என்னை வெச்சீங்களா? எவனோ சேலத்துல இருந்து வந்து, 'நான்தாங்க உங்க பங்காளி'ன்னு என் கிணத்து மேட்டுல நின்னு சொல்றான். அக்கா இருந்திருந்தா இப்படி நடந்திருக்குமா?"

மண்டியில் எதற்கும் பதில் சொல்லிவிடுவேன். "டீ சொல்லட்டுமா?" என்றேன்.

"வேணாங்க" என்று போய்விட்டான்.

12 மே

டீ சொல்லட்டுமாவாம். அறிவு இருக்கா எனக்கு? அவன் கேட்டது என்ன, நான் சொன்னது என்ன? நீ என்னை வலை போட்டு மூடலையான்னு திருப்பிக் கேட்டிருக்கலாம். சண்டையாவது வந்திருக்கும். சண்டை வந்தா உக்காந்திருப்பான்.

முடியாதுன்னு சொல்ற இடம். அப்படி ஒண்ணு இருக்குன்னு எனக்கு ஏன் தோணலை?

25 மே

திருமால் வரவில்லை. மழை இரண்டு நாளாக. கிணற்றில் நீர் ஏறியிருக்கும். வலை வழியாகப் பார்க்கலாம் என்று வண்டியை எடுத்தேன், பாதி வழியில் திரும்பிவிட்டேன்.

1 ஜூன், ஞாயிறு

நானே அவன் வீட்டுக்குப் போனேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான். உட்காரச் சொல்லவில்லை, நின்றுகொண்டே சொன்னேன்.

"மாப்ளே, அந்த பெஞ்சை விக்கலாம்னு இருக்கேன். கேக்க வேண்டியவனை மொதல்ல கேக்கணும் இல்ல? அதான் வந்தேன். வாங்கிக்கிறயா?"

வாளியைக் கீழே வைத்தான்.

"முடியாதுங்க மாமா. நீங்க வித்துக்கங்க" என்றான்.

கோகிலவாணி உள்ளேயிருந்து மோர் கொண்டுவந்தது. குடித்தேன். வந்துவிட்டேன்.

உண்மையாகவே விற்பதாகத்தான் இருக்கிறேனா? கேட்கப் போகும்போது தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை.

4 ஜூன்

வாட்ஸப்பில் படம் போட்டேன். சேலத்திலிருந்து ஒருவர் கேட்டார். விலை சொல்லாமல் போனை வைத்துவிட்டேன். என் வாழ்க்கையில் முதல் தடவை.

8 ஜூன், ஞாயிறு

இன்று ஞாயிறு என்றாலும் மழைக்கு முன் சரக்கை ஏற்ற வேண்டியிருந்ததால் பெண்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். நடுக் காலையில் திருமால் வந்தான். நேராகப் பெஞ்ச் பக்கம் போனான்.

"வித்தாச்சா?"

"இல்லை."

"ஏன்?"

"விலை படியலை."

சட்டைப் பொத்தானைக் கழற்றினான், இடது கையாலேயே. நான் உதவப் போகவில்லை. பெஞ்சின் சாய்வைத் தரையோடு தரையாக இறக்கிவைத்தேன். குப்புறப் படுத்தான். பிடியை வலது கையில் நான்தான் மாட்டிவிட வேண்டியிருந்தது. இழுத்தான். பலகை ஒரு சாண் நகர்ந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொன்று. முழங்கை தோளுக்கு மேல் வரவில்லை. ஆனால் கை போகிற வழி அதேதான், அவனுடைய நீச்சல்தான், எங்கே பார்த்தாலும் நான் சொல்லிவிடுவேன்.

"அக்கரை வந்துடுச்சாங்க?" என்றாள் பாஞ்சாலி.

"நீ கொட்டையை எடும்மா. வாயைப் பொளந்துகிட்டு இருந்தா அதுலயும் புளி வுழும்" என்றான் இவன், படுத்தபடியே. பெண்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். குடோனில் அப்படி ஒரு சத்தம் கேட்டு நாளாயிற்று.

எழுந்து மூச்சு வாங்கினான். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: "இதுக்கு எவ்வளவு வாங்குவீங்க? தினமும் வந்தா?"

"உன்கிட்டயா?"

"ஓசியில வர நான் ஆள் இல்லைங்க மாமா. சொல்லுங்க."

அந்த இடத்தில் 'காசெல்லாம் எதுக்கு மாப்ளே' என்று நான் சொல்லியிருந்தால் அவன் சட்டையை எடுத்துக்கொண்டு போயிருப்பான். அது மட்டும் எனக்கு நன்றாகத் தெரிந்தது. அவனால் முடியாது என்று இந்தத் தடவை நானாக முடிவு கட்டவும் இல்லை.

"பொம்பளைங்க காதுல வுழ வேணாம். துண்டைப் போடு" என்றேன்.

மாட்டுச் சந்தையில் விரல் பிடித்து விலை பேசுகிற மாதிரி கைமேல் துண்டைப் போட்டான். அடியில் அவன் வலது கையைப் பிடித்தேன். ஐந்து விரலையும் சேர்த்து அழுத்தினேன், மாதத்துக்கு ஐநூறு. "பலகை என்ன தங்கத்துலயா இழைச்சிருக்கு?" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு ஒரே ஒரு விரலைப் பிடித்தான். நான் நான்கு. அவன் ஒன்றைப் பிடித்து இன்னொன்றைப் பாதியோடு மடித்தான், நூற்றைம்பது. பிடியில் பலமே இல்லை, குழந்தை பிடிக்கிற மாதிரி இருந்தது. நான் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. மூன்றுக்கு வந்து அங்கேயே நின்றேன். அவனும் விடவில்லை. வியாபாரம் முடிகிற வரைக்கும் துண்டை எடுக்கக் கூடாது என்பது வழக்கம். இரண்டு பேரும் எடுக்கவில்லை.

கடைசியில் படிந்தது: மாதம் இருநூற்றைம்பது. காலையில் நான் வருகிற நேரத்துக்கே அவனும் வர வேண்டும், மாற்றி மாற்றி இழுக்க வேண்டும். கயிறு அறுந்தால் என் செலவு. பணம் மாதக் கடைசியில். வராத நாளுக்குக் கழிவு கிடையாது.